மகளுக்குக் கல்லூரி நீச்சல் அணியில் இடம்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீச்சல் போட்டி நடக்கும் சனி, ஞாயிறுகளில் பெற்றோரைச் சும்மா உட்கார விடமாட்டார்கள். கையில் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்து ஏதாவது ஒரு தடத்தின் முனையில் நிறுத்திவிடுவார்கள். நியூஜெர்சியில் எட்டு ஆண்டுகள் அப்படி நின்றிருக்கிறேன். காலணிக்குள் தண்ணீர், மூக்கில் குளோரின், பக்கத்துத் தடத்தில் பெரும்பாலும் இன்னொரு தமிழ் அம்மாவோ அப்பாவோ இருப்பார். இரண்டு பந்தயச் சுற்றுகளுக்கு நடுவில் கிடைக்கும் நிமிடத்தில் அவர்கள் கேட்ட கேள்விகள்தாம் இவை. என் மகள் 2023இல் பள்ளி முடித்தாள். இப்போது கல்லூரி விளையாட்டின் மேல்படியான டிவிஷன் 1இல் நடுத்தரமான ஓர் அணியில் மூன்றாம் ஆண்டு நீந்துகிறாள். நான் பயிற்சியாளர் இல்லை. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கல்லூரி விண்ணப்பத்தில் நீச்சல் சாதனைகளை எழுதினால் போதாதா? ரெக்ரூட்டிங் என்று தனியாக எதற்கு?

போதாது. விண்ணப்பத்தைப் படிப்பது அட்மிஷன் அலுவலகம். அணிக்கு ஆள் எடுப்பது பயிற்சியாளர். இரண்டும் வேறு வேறு வாசல்கள். 12ஆம் வகுப்பின் இலையுதிர்காலத்தில் நீங்கள் விண்ணப்பத்தைத் திறக்கும்போது, நல்ல அணிகள் பலவற்றில் அந்த ஆண்டுக்கான இடங்கள் ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டிருக்கும்.

கல்லூரி விளையாட்டைப் பெருமளவு நடத்துவது என்.சி.ஏ.ஏ. அதில் மூன்று பிரிவுகள். டிவிஷன் 1இல் பெரிய பல்கலைக்கழகங்களும் பணமும் இருக்கின்றன. டிவிஷன் 2 அதற்கு அடுத்த படி. டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. இவற்றுக்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற அமைப்பும், இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளும் உண்டு.

பள்ளி அணியில் மாநிலப் பதக்கம் வாங்கியிருக்கிறாள். அது பெரிய தகுதிதானே?

பெருமைதான். ஆனால் பயிற்சியாளர் பதக்கத்தைப் பார்ப்பதில்லை, நேரத்தைப் பார்க்கிறார். ஒரு மாநிலத்தில் தங்கம் வாங்கித் தந்த நேரம் இன்னொரு மாநிலத்தில் இறுதிச்சுற்றுக்கே போதாமல் இருக்கலாம். இந்தியானாவின் கார்மெல் உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் அணி 1987 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாநிலப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வென்றது. அந்த அணியில் நான்காவதாக நீந்தும் பெண் வேறு ஊரில் ராணியாக இருப்பாள். பயிற்சியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பள்ளி சீசன் குறுகியது. நியூஜெர்சியில் அது குளிர்காலம், இல்லினாயிலும் மின்னசோட்டாவிலும் பெண்களுக்கு இலையுதிர்காலம், கலிஃபோர்னியாவில் வசந்தகாலம். ஆண்டு முழுவதும் நடப்பது கிளப் நீச்சல். யு.எஸ்.ஏ. ஸ்விம்மிங் அமைப்பின் கீழ் வரும் கிளப்புகளில்தான் பெரும்பாலான பெண்கள் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளத்தில் இறங்குகிறார்கள். பள்ளியில் நீந்திய நல்ல நேரமும் கணக்கில் வரும், அதை வீணாக்க வேண்டாம். ஆனால் பள்ளி அணியை மட்டும் நம்பி, ஆண்டில் மூன்று மாதம் நீந்தும் பெண்ணுக்கு டிவிஷன் 1 கடினம்.

சரி, எவ்வளவு நேரத்தில் நீந்தினால் எடுப்பார்கள்?

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். ஒற்றை எண்ணாகப் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, அந்த அணியில் அடுத்த ஆண்டு யார் பட்டம் வாங்கி வெளியேறுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். ஆனால் நீங்களே சமையலறை மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

ஒவ்வொரு கல்லூரியும் ஒரு கான்ஃபரன்ஸைச் சேர்ந்தது. கான்ஃபரன்ஸ் என்பது ஏழெட்டு முதல் இருபதுக்குள் கல்லூரிகள் சேர்ந்த குழு. அதன் சாம்பியன்ஷிப் போட்டி பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும். அணிக்கு ஆண்டின் உயிர்நாடி அந்தப் போட்டிதான். அதன் முடிவுகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. ஸ்விம்கிளவுட் தளத்தில் எளிதாகத் தேடலாம். மகளின் பந்தயத்தைத் திறந்து எட்டாவது, பதினாறாவது, இருபத்து நான்காவது இடங்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கான்ஃபரன்ஸைப் பொறுத்து முதல் 16 அல்லது 24 பேருக்குத்தான் புள்ளி.

உதாரணத்துக்கு, உங்கள் மகள் 100 யார்டு பேக்ஸ்ட்ரோக்கை 57.4 விநாடியில் நீந்துகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் போட்டியில் எட்டாம் இடம் 54.9, பதினாறாம் இடம் 56.3, இருபத்து நான்காம் இடம் 57.6 என்றால், அவள் விளிம்பில் இருக்கிறாள். இன்றே அங்கே போனால் ஒரு புள்ளியோ இரண்டோ. பத்தாம் வகுப்பில் 57.4 என்றால் பயிற்சியாளர் பேசுவார். ஏனென்றால் இரண்டு ஆண்டில் 55க்கு வருவாள் என்று அவர் கணக்குப் போடுவார். பன்னிரண்டாம் வகுப்பில் அதே 57.4 என்றால், அதுவும் மூன்று ஆண்டாக அதே எண் என்றால், மரியாதையாகப் பதில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இதை நாங்கள் தெரிந்துகொள்ள ஓராண்டு ஆனது. அதுவரை கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியலை வைத்துக்கொண்டு கனவு கண்டுகொண்டிருந்தோம். ஒரு ஞாயிறு மாலை மகளே ஒரு கோடுபோட்ட நோட்டில் இருபது கல்லூரிகளுக்கு இந்த எண்களை எழுதினாள். ஏழு கல்லூரிகளின்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அதில் நான் ஆசைப்பட்டவை ஐந்து.

எங்கள் ஊரில் மீட்டர், இங்கே யார்டு. எப்படி ஒப்பிடுவது?

அமெரிக்கப் பள்ளி, கல்லூரிக் குளங்கள் 25 யார்டு, அதாவது 22.86 மீட்டர். ஒலிம்பிக் குளம் 50 மீட்டர். தூரமும் குறைவு, திரும்பும் சுவர்களும் அதிகம் என்பதால் யார்டு நேரம் எப்போதும் குறைவாகவே இருக்கும். 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடத்தில் நீந்தும் பெண் யார்டில் சுமார் 52, 53 விநாடியில் வருவாள். நீண்ட தூரத்தில் பந்தயமே மாறும்: 400 மீட்டருக்கு ஈடு 500 யார்டு, 1500 மீட்டருக்கு ஈடு 1650 யார்டு. மாற்றிக் காட்டும் கணிப்பான்கள் உண்டு. அவற்றை அரை விநாடி சந்தேகத்தோடு படியுங்கள். சுவரைத் தள்ளிவிட்டுத் தண்ணீருக்கு அடியில் டால்ஃபின் உதையில் வலுவாக இருப்பவள் யார்டில் கணிப்பானையும் மிஞ்சுவாள். கல்லூரி நீச்சலில் பாதி வித்தை அந்தத் தண்ணீரடிதான்.

நேரத்தைத் தவிர வேறு எதைப் பார்க்கிறார்கள்?

முதலில் ரிலே. கல்லூரிப் போட்டியில் ஐந்து ரிலேக்கள் உண்டு, அவற்றுக்குப் புள்ளி இரட்டிப்பு. தேசிய சாம்பியன்ஷிப்பில் தனிப் பந்தயத்தில் முதலிடத்துக்கு 20 புள்ளி, ரிலேயில் 40. ஐந்தில் மூன்று முழுக்க ஃப்ரீஸ்டைல். ஆகவே 50, 100, 200 ஃப்ரீஸ்டைல் வேகமாக நீந்தும் பெண்ணுக்கு எப்போதும் கிராக்கி. 200 பிரெஸ்ட்ஸ்ட்ரோக் மட்டுமே நீந்துகிறவளைவிட, அதோடு நான்கு பாணியும் கலந்த 200 மெட்லியும் 100 ஃப்ரீஸ்டைலும் சுமாராகச் செய்கிறவளுக்கு முன்னதாக அழைப்பு வரும்.

அடுத்து, நேரம் எந்தத் திசையில் போகிறது என்பது. வாரத்துக்கு ஆறு முறை பயிற்சி செய்து 57 விநாடி எடுப்பவளையும், ஒன்பது முறை செய்து 57 எடுப்பவளையும் வைத்தால் முதலாமவளைத்தான் எடுப்பார்கள். இன்னும் பிழியச் சாறு இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. பயிற்சி நேரத்தைக் கூட்டிச் சொன்னால் மதிப்பு கூடும் என்று நினைத்துப் பொய் சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மகளுக்குக் கெடுதல்தான் செய்கிறார்கள்.

பிறகு மதிப்பெண். டிவிஷன் 1இல் நீந்த என்.சி.ஏ.ஏ. கேட்பது 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.3 சராசரியும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பிரச்சினையாக இருக்காது. ஆனால் அது வாசற்படி மட்டுமே. கல்லூரியின் சொந்த எதிர்பார்ப்பு அதைவிடப் பல படி மேலே இருக்கும்.

எப்போது தொடங்க வேண்டும்?

இரண்டு தேதிகளை நாட்காட்டியில் எழுதிவையுங்கள். 10ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15. அன்றுதான் டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் நேரடியாக அழைக்கவும் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அனுப்பவும் தொடங்கலாம். அதே ஆண்டு ஆகஸ்ட் 1; அன்றிலிருந்து கல்லூரியின் அழைப்பில் போய்ப் பார்க்கலாம். அதற்கு முன்பு மகள் மின்னஞ்சல் அனுப்பலாம், அணியின் இணையதளத்தில் உள்ள படிவத்தை நிரப்பலாம். பதிலாகப் பொதுவான தகவல்தான் வரும். அதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், விதி அப்படி. டிவிஷன் 3இல் விதிகள் இன்னும் தளர்வு.

ஜூன் 14 இரவு நீச்சல் வீடுகளில் யாரும் தூங்குவதில்லை. எங்களுக்கு அது 2021. மகள் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில் திரை மேலே தெரிய வைத்துவிட்டு, பார்க்காதவள்போல் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு அடித்ததும் இரண்டு செய்திகள் வந்தன. அவள் விரும்பிய கல்லூரியிலிருந்து இரண்டுமே இல்லை. பன்னிரண்டரைக்கு எழுந்து தட்டைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தாள். அடுத்த பத்து நாளில் இன்னும் ஒன்பது கல்லூரிகள் எழுதின. நள்ளிரவில் வரும் செய்தி ஒவ்வொரு கல்லூரியும் தன் பட்டியலின் முதல் இருபது, முப்பது பேருக்குச் செய்யும் சடங்கு. மற்றவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட், அடுத்த பிப்ரவரிகூட உண்டு.

மின்னஞ்சலை நான் எழுதித் தரட்டுமா? அவளுக்குக் கூச்சம்.

வேண்டாம். பெற்றோர் எழுதியதை அவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான் ஒன்று எழுதிக் கொடுத்தேன், 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி நான்கு பத்தி. மகள் படித்துவிட்டு, "அம்மா, இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது" என்றாள். அவள் எழுதியது ஆறு வரி. தலைப்பிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, பந்தயம், நேரம். உள்ளே கிளப் பெயர், கிளப் பயிற்சியாளரின் தொடர்பு, மதிப்பெண், படிக்க விரும்பும் பாடம், அடுத்த பெரிய போட்டி எப்போது என்பது, அந்த அணியை ஏன் பார்க்கிறாள் என்று உண்மையான ஒரு வரி. அந்த ஒரு வரியை எல்லாக் கல்லூரிக்கும் ஒட்டி அனுப்பாதீர்கள். பெயரை மாற்ற மறந்து பரம எதிரிக் கல்லூரியைப் புகழ்ந்து எழுதிய பெண்ணை எனக்குத் தெரியும்.

தொலைபேசி அழைப்பிலும் அவளே பேச வேண்டும். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள், அது போதும்.

முழு உதவித்தொகை கிடைக்குமா?

மிக உயர்ந்த நிலையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும். மற்றவர்களுக்குப் பகுதி, அல்லது இல்லை.

இந்தக் கணக்கு அண்மையில்தான் மாறியது. 2024-25 வரை டிவிஷன் 1 பெண்கள் நீச்சல், டைவிங் அணிக்கு உச்சவரம்பு 14 உதவித்தொகை, ஆண்களுக்கு 9.9. பெண்களுக்கு அதிகம் இருந்ததற்குக் காரணம், கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்க 1972இல் வந்த டைட்டில் 9 சட்டம். அமெரிக்கக் கால்பந்து அணி பெருங்கூட்டமாக ஆண்களை இழுத்துக்கொள்வதால், சமன் செய்ய மற்ற விளையாட்டுகளில் பெண்களுக்குக் கூடுதல் இடம் தர வேண்டியிருந்தது. அந்த 14ஐ முழுசு முழுசாகக் கொடுக்கவில்லை, துண்டு போட்டார்கள். பந்தியில் முப்பது பேர், இலை பதினான்கு. ஒருத்திக்கு எண்பது சதவீதம், ஒருத்திக்குப் புத்தகச் செலவு மட்டும், கடைசியில் இருப்பவளுக்கு அணியின் சட்டை.

2025 ஜூன் 6 அன்று, கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ.மீது போட்ட 'ஹவுஸ்' வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு போய், அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. நீச்சலுக்கும் டைவிங்குக்கும் சேர்த்து 30 பேர். காகிதத்தில் முப்பது பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம். ஆனால் அதே உடன்பாடு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி திறந்தது; முதல் ஆண்டு ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. அதில் பெரும்பகுதி கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. நீச்சலுக்கு மிச்சம் எவ்வளவு என்பது ஒவ்வொரு கல்லூரியின் கஜானாவைப் பொறுத்தது. இந்த வழக்குக்குப் பெயர் தந்த கிராண்ட் ஹவுஸ் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் நீச்சல் வீரர் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

முன்பு உதவித்தொகையே வேண்டாம், அணியில் இருந்தால் போதும் என்று வந்த பெண்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார்கள். 30 என்ற கோடு விழுந்ததும் முதலில் வெளியேறியது அவர்கள்தாம். மகளின் அணியில் 2025 கோடையில் இருவருக்கு இடம் போனது. ஒருத்தி அவளுடைய அறைத் தோழி. பயிற்சியாளர் தேர்வு வாரத்தில் அதைச் சொன்னார். அதற்கு அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகவே பணம் பற்றிப் பேசும்போது மூன்று கேள்விகளை நேராகக் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை டாலர், எத்தனை ஆண்டுக்கு, காயம் பட்டால் என்ன ஆகும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். சதவீதத்தில் சொன்னால் எதில் சதவீதம் என்று கேளுங்கள். கல்விக் கட்டணத்தில் பாதியும் மொத்தச் செலவில் பாதியும் ஒன்றல்ல. தனியார் பல்கலைக்கழகங்களில் மொத்தச் செலவு ஆண்டுக்கு 90,000 டாலரைத் தொடுகிற காலம் இது.

'வெர்பல் கமிட்' செய்துவிட்டாள் என்கிறார்கள். இடம் உறுதியா?

வாய்ச்சொல் இருபக்கமும் கட்டுப்படுத்தாது. நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய பேச்சுவார்த்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள். பயிற்சியாளர் வேலை மாறினால் எல்லாம் மறுபடி பேச வேண்டியிருக்கும். பல ஆண்டுகளாக இருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற ஒப்பந்தம் 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது. இப்போது கையெழுத்தாவது கல்லூரியின் நிதி உதவி ஒப்பந்தம். அது கையில் வரும்வரை மற்றப் பயிற்சியாளர்களிடம் மரியாதையாக இருங்கள்.

சில அணிகள் அடியோடு மூடப்படுவதும் உண்டு. கால் பாலி, சான் லூயிஸ் ஒபிஸ்போ, 2025 மார்ச்சில் நீச்சல் அணியையே நிறுத்தியது. அயோவா பல்கலைக்கழகம் 2020இல் ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டையும் நிறுத்துவதாக அறிவித்தது. பெண்கள் டைட்டில் 9இன்கீழ் வழக்குப் போட்ட பிறகு பெண்கள் அணிக்கு மட்டும் உயிர் வந்தது.

ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள்?

நம் வீடுகளில் குரல் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி இது. ஐவி லீக் டிவிஷன் 1தான், ஆனால் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டுமே. ஹவுஸ் உடன்பாட்டிலும் அவர்கள் சேரவில்லை. அங்கே பயிற்சியாளர் தருவது அட்மிஷன் அலுவலகத்தில் ஓர் ஆதரவு வார்த்தை. அதன் எடை மிகப் பெரியது. 11ஆம் வகுப்பு முடிந்த கோடையில் மதிப்பெண் பட்டியலை அட்மிஷன் அலுவலகத்துக்குக் காட்டி 'ப்ரீ-ரீட்' என்ற முன்கருத்து வாங்குவார்கள். அது சாதகமாக வந்தால் பிறகு விண்ணப்பம்.

இரண்டு கணினிப் பொறியாளர் சம்பளம் வரும் வீட்டுக்கு வருமான உதவி குறைவாகவே வரும். ஐவி என்றால் பெரும்பாலும் முழுக் கட்டணம் என்று முன்பே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

டிவிஷன் 3ஐ நம்மவர்கள் 'மூன்றாம் தரம்' என்று படிக்கிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. எம்.ஐ.டி., எமரி, வில்லியம்ஸ், கென்யன் எல்லாம் டிவிஷன் 3. எமரி பெண்கள் 2010 முதல் 2019 வரை பத்து ஆண்டு தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றவர்கள். அங்கே நீந்தும் வேகம் டிவிஷன் 1 அணிகள் பலவற்றுக்குச் சவால். விளையாட்டுப் பணம் இல்லை, ஆனால் படிப்புக்கான உதவித்தொகை சில கல்லூரிகளில் தாராளம். மருத்துவமோ பொறியியலோ படிக்க நினைக்கும் பெண்ணுக்கு இதுவே சரியான இடமாக இருந்திருக்கலாம் என்று என் மகளைப் பற்றியே சில இரவுகளில் நினைக்கிறேன்.

பதினான்கு வயதில் பறந்தாள். பதினாறில் நேரம் நின்றுவிட்டது. முடிந்ததா?

இல்லை. இது பெண்கள் நீச்சலில் மிகச் சாதாரணம், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. உடல் வளரும்போது எடையும் இடுப்பும் மாறுகின்றன, தண்ணீரில் சமநிலை மாறுகிறது. பையன்களுக்கு அந்த வயதில் தசை கூடி நேரம் தானாகக் குறைகிறது; பெண்களுக்குப் புதிய உடலோடு நீந்தப் பழகும் காலம் தேவைப்படுகிறது. கல்லூரிப் பயிற்சியாளர்களில் விவரம் தெரிந்தவர்கள் இந்தத் தேக்கத்தை எதிர்பார்த்தே கணக்குப் போடுகிறார்கள். மகளின் மின்னஞ்சலில் அதைப் பற்றி அழவோ மறைக்கவோ வேண்டாம்.

ஆபத்து வேறு இடத்தில். நேரம் நின்றதும் சாப்பாட்டைக் குறைப்பார்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் நீந்தும் பெண் குறைவாகச் சாப்பிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகும், நேரமும் இன்னும் மோசமாகும். மாதவிடாய் நின்றால் 'கடும் பயிற்சி, அதனால்தான்' என்று விடாமல் மருத்துவரிடம் போங்கள். எந்தப் பயிற்சியாளராவது, பள்ளியிலோ கல்லூரியிலோ, பெண்களின் எடையை எல்லார் முன்னாலும் பேசுகிறார் என்றால் அந்தக் கல்லூரியின் பெயரை நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

உச்சத்தில் இருப்பவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அவர்கள் கதை வேறு. அங்கே கல்லூரிகள்தாம் கெஞ்சும். மிஸ்ஸி ஃபிராங்க்ளின் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றபோது பள்ளி மாணவி. தொழில்முறை வீராங்கனையாக மாறியிருந்தால் பெரும்பணம் வந்திருக்கும்; கல்லூரி நீச்சலுக்காக அதை விட்டார், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இரண்டு சீசன் நீந்தி 2015இல் அணிக்குப் பட்டம் வாங்கித் தந்துவிட்டுத் தொழில்முறைக்குப் போனார். கேட்டி லெடெக்கி 2016 ரியோ ஒலிம்பிக்குக்காக ஸ்டான்ஃபோர்ட் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைத்தார். 2017, 2018 இரண்டிலும் பட்டம், பிறகு தொழில்முறை. அப்போது விளம்பரப் பணமும் கல்லூரி நீச்சலும் ஒரே கையில் இருக்க முடியாது. 2021 ஜூலையில் அந்த விதி மாறியது.

எனக்குப் பிடித்தது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கதை. 2021க்கு முன் அவர்கள் பெண்கள் நீச்சலில் தேசியப் பட்டம் வென்றதே இல்லை. டாட் டிசோர்போ 2017இல் பயிற்சியாளராக வந்தார். நாஷ்வில்லிலிருந்து அலெக்ஸ் வால்ஷ் வந்தார், மறு ஆண்டு தங்கை கிரெட்சன் வந்தார். 2021 முதல் 2025 வரை ஐந்து பட்டங்கள். கிரெட்சன் 2024இல் 100 யார்டு ஃப்ரீஸ்டைலை 44.83இல் நீந்தினார், அதற்கு முன் எந்தப் பெண்ணும் 45ஐ உடைத்ததில்லை. பழைய பெயர்ப்பலகைகளைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தச் சகோதரிகள் அங்கே போயிருக்கமாட்டார்கள்.

நாங்கள் எச்-1பி வேலை விசா; மகள் எங்களைச் சார்ந்த எச்-4 விசா. தடை உண்டா?

அணியில் சேரவோ உதவித்தொகை பெறவோ விசா தடையில்லை. ஆனால் 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், படிப்பின் நடுவிலேயே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும்; கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை முதல் ஆண்டே பாருங்கள். தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் விளம்பர ஒப்பந்தங்களில் கவனம் தேவை. அணித் தோழி ஒரு கடைக்குப் படம் போட்டு 300 டாலர் வாங்கினாள் என்று உங்கள் மகளும் வாங்கிவிட முடியாது. வேலை அனுமதி இல்லாதவருக்கு அது விசாவையே பாதிக்கலாம். குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர்க் கட்டணம் எச்-4 பிள்ளைகளுக்கு உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

சென்னையில் இருக்கும் அண்ணன் மகளுக்கும் இது முடியுமா?

முடியும். டிவிஷன் 1 அணிகளில் வெளிநாட்டுப் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். 50 மீட்டர் குளத்தில் நீந்திய நேரங்களையே அனுப்பலாம், பயிற்சியாளர் மாற்றிக்கொள்வார். என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு செய்து பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களைத் தர வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: பன்னிரண்டு முடித்து நுழைவுத் தேர்வுக்காக ஓராண்டு, இரண்டாண்டு வீட்டில் இருந்துகொண்டே போட்டிகளிலும் நீந்தினால் கல்லூரி அணியில் நீந்தக் கிடைக்கும் ஆண்டுகள் குறையக்கூடும். முடிவெடுக்கும் முன் அந்த மையத்திடம் கேட்கச் சொல்லுங்கள்.

ரெக்ரூட்டிங் ஆலோசகருக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டலாமா?

நீச்சலுக்குத் தேவையில்லை. நேரம் எல்லாம் பொதுவில் இருக்கும் விளையாட்டு இது. அந்தப் பணத்தில் இரண்டு கல்லூரிகளைப் போய்ப் பாருங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்பது?

கல்லூரி செலவில் போகும் அதிகாரபூர்வ வருகையில் மகள் அணிப் பெண்களோடு தங்குவாள். பயிற்சியாளர் சொல்வதைவிட அந்த இரவில் காதில் விழுவது முக்கியம். பெண்கள் சாப்பாட்டு மேசையில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். நான்காம் ஆண்டில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று எண்ணச் சொன்னேன். முதலாம் ஆண்டில் பத்துப் பேர் சேர்ந்து நான்காம் ஆண்டில் மூவர் என்றால் ஏழு பேர் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டும்.

படிப்பைப் பற்றியும் குறிப்பாகக் கேளுங்கள். 'இங்கே பொறியியல் படித்துக்கொண்டு நீந்தலாமா' என்றால் எல்லாரும் 'ஆம்' என்பார்கள். 'இப்போது அணியில் பொறியியல் படிப்பவர்கள் எத்தனை பேர், பிற்பகல் ஆய்வகம் இருக்கும் நாளில் அவர்கள் எப்போது பயிற்சி செய்கிறார்கள்' என்று கேட்டால் உண்மை வரும். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது என்.சி.ஏ.ஏ. வரம்பு. பயணமும் பிசியோதெரபியும் அதில் சேராது.

ஓரிடத்தில் மகளை ஓர் உதவிப் பயிற்சியாளர் குளத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். சுவரில் சாதனைப் பலகை. அவர் விலகியதும் ஒரு மூன்றாம் ஆண்டுப் பெண் மெதுவாக, "கால் உடைந்தால் இங்கே யாரும் பார்க்க வரமாட்டார்கள்" என்றாளாம். வீட்டுக்கு வரும் வழியில் காரில் அதைச் சொன்னாள். கல்லூரியின் பெயர் பெரியது, பணமும் நல்ல பணம். நான் பேசாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். டர்ன்பைக்கில் இரண்டு சுங்கச்சாவடி தாண்டிய பிறகு, நோட்டை எடுத்து அவளே அடித்தாள்.

கல்லூரிக்குப் போய் ஓராண்டில் நீச்சலை விட்டுவிட்டால்?

விடுகிறார்கள், நிறையப் பேர். அணி மாறவும் வழி உண்டு. கிளேர் கர்சன் 2023இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வர்ஜீனியாவுக்கு மாறினார். முழுக்க விட்டால் விளையாட்டு உதவித்தொகை போகும், அட்மிஷன் போகாது. அதனால் கையெழுத்துக்கு முந்தைய வாரம் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: குளத்தை நாளைக்கே மூடிவிட்டாலும் இந்த ஊரில், இந்த வகுப்பில், இந்தச் செலவில் நான்கு ஆண்டு இருப்பாயா? மூன்று கல்லூரிகளுக்கு இல்லை என்றாள். நான்காவதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அங்கே நூலகத்துக்கு எதிரில் நல்ல நூடுல்ஸ் கடை இருக்கிறது என்றாள். அங்கேதான் படிக்கிறாள்.